பெரியவர்களும் வீடியோ கேமும்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம்

"இந்த வயசுல இவருக்கு இந்த கேம் எல்லாம் தேவையா டாக்டர்? நீங்களே சொல்லுங்க."

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், ஒற்றைத் தலைவலி என்று எதற்காக வந்தாலும், ஆலோசனை முடியும் தறுவாயில் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. அருகில் அமர்ந்திருக்கும் நோயாளி உடனே கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவருக்கு வயது ஐம்பதோ அறுபதோ இருக்கும். பொறுப்பான பணியில் இருப்பவராகவோ ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். ஆயினும் விளையாடுவதை ஒப்புக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

சுருக்கமான விடை இது: பணம் கட்ட வேண்டாத, நினைத்தபோது நிறுத்தக்கூடிய எளிய விளையாட்டுகளை எந்த வயதிலும் ஆடலாம். உறக்கம், உடல் இயக்கம், மருந்து, குடும்பத்தினருடன் பேசுவது ஆகிய நான்கும் அதனால் குறையாமல் இருந்தால் போதும். அதே வேளையில், விளையாட்டின் பெயரால் வரும் சில ஆபத்துகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, நாங்கள் எழுதித் தரும் மருந்தாலேயே வரக்கூடியது. இவற்றை நோயாளியும் குடும்பமும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இக்கட்டுரை.

எந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு, பத்து நிமிடம் ஆடி, செவிலியர் வந்தால் உடனே கீழே வைத்துவிடக்கூடிய விளையாட்டுகளையே இங்கு எளிய விளையாட்டு என்கிறோம். நிறம் சேர்ப்பது, கட்டம் அடுக்குவது, சுடோகு, சொல் தேடல், சீட்டு அடுக்குதல், கைப்பேசி லூடோ, கேரம், சதுரங்கம் போன்றவை இவ்வகை. முன்பின் அறியாதவர்களுடன் அணி சேர்ந்து மணிக்கணக்கில் ஆடும் போர் விளையாட்டுகள் வேறு வகை. பணம் வைத்து ஆடுபவை முற்றிலும் வேறு. அவற்றைப் பின்னர் காண்போம்.

இவ்விளையாட்டுகள் நேற்று வந்தவை அல்ல. டெட்ரிஸ் 1984-இல் சோவியத் ரஷ்யாவில் உருவானது. கணினியில் சீட்டு அடுக்கும் சாலிட்டேர் 1990-இல் விண்டோஸ் மென்பொருளுடன் வந்து உலகெங்கும் அலுவலக மேசைகளை அடைந்தது. 1997-இல் நோக்கியா கைப்பேசியில் பாம்பு விளையாட்டு வந்தது. கேண்டி கிரஷ் சாகா 2012-இலும், நம் நாட்டில் உருவான லூடோ கிங் 2016-இலும் வெளிவந்தன. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த உறவினர்களை மாலை வேளைகளில் லூடோ கிங் ஒன்றாக உட்கார வைத்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டோம்.

லூடோவே நமக்குப் புதிதல்ல. 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த விளையாட்டு, நம் நாட்டுப் பச்சீசியின் வழிவந்தது. நம் வீட்டுத் திண்ணைகளில் பெரியவர்கள் தாயம் உருட்டினார்கள். பாட்டிமார் பல்லாங்குழி ஆடினார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபத சோபன படத்தை விரித்தார்கள். வயது வந்தவர்கள் ஆடுவது குறித்து அன்று எவரும் வியக்கவில்லை. இன்று அதே ஆட்டம் திரைக்குள் சென்றுவிட்டது. திரையால் வரும் சில சிக்கல்கள் உண்மையானவை. விளையாட்டு சிறுபிள்ளைத்தனம் என்ற எண்ணம் மட்டும் அவற்றுள் சேராது.

விளையாடியே வளர்ந்த தலைமுறை

1990-களில் தொலைக்காட்சியுடன் கம்பி மாட்டி, கேசட்டை ஊதிச் செருகி, மரியோ ஆடிய பிள்ளைகளுக்கு இன்று வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நானும் அவர்களில் ஒருவன். இன்றும் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், ஒரு சுடோகு முடிப்பது என் வழக்கம். முன்புபோல் விரைவான ஆட்டங்களில் எனக்கு நாட்டமில்லை. அவற்றுக்குரிய நேரமும் இல்லை, விரல் வேகமும் இல்லை.

இந்த மாற்றம் இயல்பானது. வயது ஏற ஏற எதிர்வினை வேகம் குறைகிறது. அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம் கிடைப்பது அரிதாகிறது. ஒரு காலத்தில் இரவெல்லாம் போட்டி விளையாட்டு ஆடியவர், பிற்காலத்தில் நேரக்கெடு இல்லாத சிறு புதிர்களுக்கு வந்துசேர்வது வாழ்க்கைக்கு ஏற்ற ஒரு தெரிவு.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இது கூடுதல் பொருளுடையது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நாற்பது வயதினர் சிலரும் இந்நோயுடன் வருகின்றனர். வலக்கை தளர்ந்த நிலையில், வேலைக்குத் திரும்ப முடியுமா, வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்ட பிறகு, தணிந்த குரலில் இதையும் கேட்பார்கள்: "பழையபடி கேம் ஆட முடியுமா?" இக்கேள்வியைக் கேலியாக எண்ணக் கூடாது. இருபது ஆண்டுகளாகத் தம் நண்பர்களுடன் இணைந்திருந்த வழி மூடிவிட்டதோ என்ற துயரம் அதில் இருக்கிறது.

அவர்களுக்கு நாங்கள் கூறுவது: விரைவு ஆட்டங்களை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முறை வைத்து ஆடும் விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் நீங்கள் காய் நகர்த்தும்வரை காத்திருப்பார் என்பதே அவற்றின் நன்மை. கைப்பேசியை மேசையில் ஒரு தாங்கியில் நிறுத்தினால் ஒரு கையே போதும். எழுத்தைப் பெரிதாக்கவும், தொடுதலின் உணர்திறனைக் குறைக்கவும் பெரும்பாலான கைப்பேசிகளின் அமைப்புகளில் வசதி உண்டு. வீட்டில் உள்ள இளையவர் ஒருவர் இவற்றைப் பத்து நிமிடத்தில் செய்து தரலாம்.

விளையாட்டால் கிடைக்கும் நன்மைகள்

முதலாவது, கவனத் திருப்பம். மூளை ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் முழுக் கவனம் செலுத்த இயலாது. விளையாட்டில் கவனம் பதியும்போது வலியும் பதற்றமும் சற்றுப் பின்னால் தள்ளப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் குழந்தைகளின் கையில் சிறு வீடியோ கேம் கொடுத்தால் அவர்களது பதற்றம் குறைகிறது என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டயாலிசிஸ் சிகிச்சைக்காக வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் படுத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, மறுவாழ்வுப் பயிற்சி. இதில் எல்லாக் குடும்பத்தினரும் அறிய வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சிக்காக, உடலசைவால் ஆடும் வீடியோ கேம் கருவிகளை வாங்கலாமா என்று பலர் கேட்கின்றனர். கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் 141 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டு, 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான பயிற்சியுடன், ஒரு பிரிவினர் அத்தகைய கருவியில் ஆடினர். மற்றொரு பிரிவினர் சீட்டு ஆடுவது, மரத்துண்டுகளை அடுக்கி உருவுவது போன்ற சாதாரண விளையாட்டுகளை அதே அளவு நேரம் ஆடினர். இரு பிரிவினரின் கைச் செயல்பாடும் முன்னேறியது. இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. விலையுயர்ந்த கருவி வாங்கக் கடன் பட வேண்டாம். உங்கள் பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும் வகையில் தளர்ந்த கையைப் பயன்படுத்தி, வீட்டில் இருக்கும் கேரம் பலகையிலோ சீட்டுக்கட்டிலோ நாள்தோறும் ஆடினாலும் பயன் உண்டு. கை எத்தனை முறை இயங்குகிறது என்பதே முக்கியம். திரையில் விரல் நுனியால் தட்டுவது மட்டும் தோளுக்கும் முழங்கைக்கும் பயிற்சி ஆகாது.

மூன்றாவது, அதிர்ச்சிக்குப் பிந்தைய நினைவுகள். சாலை விபத்துக்குப் பிறகு அக்காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுவது பலருக்கு நேர்கிறது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் நமக்கு இது அயலான செய்தியல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் விபத்துக்குள்ளாகி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 6 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்ந்தபின் சுமார் 20 நிமிடம் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அத்தகைய நினைவுகள் குறைவாக வந்தன. இது பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் நடந்த சிறிய ஆய்வு. விபத்து நினைவுகள் வாரக்கணக்கில் உறக்கத்தைக் கெடுத்தால் மனநல மருத்துவரையே அணுக வேண்டும்.

விளையாட்டால் கிடைக்காத நன்மை

"மூளைக்கு வேலை கொடுத்தால் மறதி நோய் வராதாமே?" என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். சுடோகு ஆடினால் சுடோகு ஆடும் திறன் வளரும். அது மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமாசிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், நிரூபிக்கப்படாத இத்தகைய விளம்பரங்களுக்காக 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, கவனிக்கப்படாத காது கேளாமை, தனிமை ஆகியவை அவற்றுள் சில. ஆகவே மூளைப் பயிற்சிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டும் பணத்தில் ரத்த அழுத்த மானி ஒன்றை வாங்குவது மேல். விளையாட்டை விளையாட்டாகவே ஆடுங்கள்; அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

எப்போது அது நோயாகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் விளையாட்டுக் கோளாறு என்ற நோய் இடம்பெற்றுள்ளது. மூன்று அடையாளங்களை அது கூறுகிறது:

• எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாட்டை இழத்தல்.
• மற்ற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும்விட விளையாட்டுக்கு மேலும் மேலும் முன்னுரிமை தருதல்.
• தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் அல்லது அதிகப்படுத்துதல்.

இவற்றால் குடும்பம், வேலை, கல்வி ஆகியவை குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்களாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும். கடுமையாக இருந்தால் அதற்கு முன்பும் முடிவு செய்யலாம். இந்த வரையறையில் இத்தனை மணி நேரம் என்ற கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். மருந்து சாப்பிட்டு, நடைப்பயிற்சி முடித்து, இரவு பத்து மணிக்கு உறங்கப் போகும் அறுபது வயதுப் பெரியவர், பகலில் ஒரு மணி நேரம் நிறம் சேர்த்து ஆடுவது நோயாகாது.

சில நேரங்களில் விளையாட்டு வேறொரு நோயின் வெளிப்பாடாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது அரிதல்ல. பேச்சைக் குறைத்து, உணவில் நாட்டமின்றி, நாள் முழுவதும் திரையைத் தட்டிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் கைப்பேசியைப் பிடுங்குவதால் மனச்சோர்வு தீராது. அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள்.

பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தினர் கவனத்துக்கு

இப்பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டுகிறேன். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மருந்துகள் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்க நன்கு உதவுகின்றன. இவை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் பணியைச் செய்கின்றன. அதே டோபமின்தான் பரிசு கிடைக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி உணர்விலும் பங்கு வகிக்கிறது. எனவே சிலருக்கு இம்மருந்துகளால் ஆசையை அடக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சீட்டைத் தொடாதவர் சூதாடத் தொடங்கலாம். தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிக்கலாம். இரவு முழுவதும் விளையாடலாம்.

3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இத்தகைய கட்டுப்பாடிழப்பு காணப்பட்டது. அவற்றை எடுத்துக்கொள்ளாதவர்களில் இது சுமார் 7 சதவீதம்.

இத்தகைய நோயாளிகள் வெட்கத்தால் மறைப்பார்கள். குடும்பத்தினரோ, "புத்தி கெட்டுப்போச்சு" என்று அவர்களது குணத்தின்மேல் பழி போடுவார்கள். சேமிப்பு கரைந்த பிறகே எங்களுக்குத் தெரியவரும். மருந்து தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ பழக்கத்தில் திடீர் மாற்றம் தெரிந்தால், அடுத்த தவணைவரை காத்திராமல் வந்து சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். ஆனால் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பணம் வைத்து ஆடுவது விளையாட்டல்ல

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தால் நேர்ந்த உயிரிழப்புகளைத் தொடர்ந்து, அதைத் தடை செய்யவும் இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025-இல், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளில் நுழையத் தடை விதிக்கும் விதிகளும் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இணையவழிப் பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. ஆகவே, "பணம் வெல்லலாம்" என்று அழைக்கும் எந்தச் செயலியையும் நோயாளியின் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டாம்.

இலவச விளையாட்டுகளிலும் ஒரு கண்ணி உண்டு. ஆட்டம் தோற்கும் தருணத்தில், "கூடுதல் உயிர் வாங்குங்கள்" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் சிறு தொகைதான். ஆனால் மாதக் கடைசியில் மருந்துச் செலவுக்கு வைத்த பணத்தில் துண்டு விழும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி கைப்பேசியில் அமைத்துவிடுங்கள். நோயாளியின் வங்கிக் கணக்குச் செயலி விளையாடும் கைப்பேசியில் இல்லாமலிருப்பது மேலும் நல்லது.

உடலுக்கான எச்சரிக்கைகள்

வலிப்பு நோய்: 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னிய காட்சியால், ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒளி மின்னலால் தூண்டப்படும் இவ்வகை வலிப்பு, வலிப்பு நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே உண்டு. உங்களுக்கு அது உண்டா என்பதை இ.இ.ஜி. பரிசோதனை பெரும்பாலும் காட்டிவிடும். இருப்பின், மின்னல் காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளைத் தவிருங்கள். இல்லையெனினும், உறக்கம் கெடுவது எல்லா வகை வலிப்பையும் தூண்டக்கூடியது.

டயாலிசிஸ் நோயாளிகள்: ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்காமல் வைத்திருங்கள். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி மறு கையால் ஆடுங்கள். சொட்டு மருந்து ஏற்றும் ஊசி கையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நீரிழிவு நோயாளிகள்: இன்சுலின் போட்டுக்கொண்டு, "இந்த ஆட்டம் முடியட்டும்" என்று உணவைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

கண், கழுத்து, கட்டைவிரல்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 நொடிகள் பாருங்கள். குனிந்து பார்க்காமல் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கினால் சில நாள் ஓய்வு கொடுங்கள்.

கால்கள்: அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் நெடுநேரம் படுத்திருப்பவர்களும் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் அசையுங்கள். கால் சிரைகளில் ரத்தம் உறைவதைத் தவிர்க்க இது உதவும்.

சாலையும் ரயில் பாதையும்: மின்ரயிலில் அமர்ந்து ஆடுவதில் தீங்கில்லை. படிக்கட்டில் தொங்கியபடியும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தண்டவாளத்தைக் கடந்தபடியும் திரையைப் பார்ப்பவர்களைக் காண்கிறோம். அந்த ஆட்டத்தில் இரண்டாவது உயிர் கிடையாது.

திடீரென ஆட முடியாமல் போனால்

நாள்தோறும் ஒரே விளையாட்டை ஆடுபவரிடம் ஏற்படும் மாற்றத்தை வீட்டிலுள்ளவர் எளிதில் கண்டுகொள்ளலாம். கைப்பேசி திடீரெனக் கையிலிருந்து நழுவுகிறது; விரல் சொன்னபடி கேட்கவில்லை; திரையின் ஒரு பாதி தெரியவில்லை என்கிறார்; பழகிய சொற்கள் புரியவில்லை. இவற்றுள் ஏதேனும் நேர்ந்தால், சிரிக்கச் சொல்லி முகம் கோணுகிறதா என்று பாருங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா என்று கவனியுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரம் எது என்று கேட்போம்; அதைக் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து வருபவர்களுக்கு, பல வேளைகளில் அந்த ஊசியைத் தர இயலாமற்போகிறது.

உடன் தங்குபவர்களுக்குச் சில சொற்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இரவெல்லாம் காத்திருக்கும் மகனோ மகளோ சிறிது நேரம் கைப்பேசியில் விளையாடினால், "அப்பா உள்ளே இப்படிக் கிடக்க, இவனுக்கு விளையாட்டா?" என்று உறவினர் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் கடிய வேண்டாம். ஓயாத கவலையால் களைத்த மனத்துக்குப் பத்து நிமிட இடைவெளி தேவை. அதன்பின் அவர்கள் மருத்துவர் கூறுவதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டில், நோயாளி ஆடுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையெனில், ஒருமுறை அருகில் அமர்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம், யாருடன், பணம் உண்டா இல்லையா என்பவை யாவும் சண்டையின்றித் தெரிந்துவிடும். தாத்தாவும் பேரனும் ஒரே சதுரங்க ஆட்டத்தில் இருந்தால் பேச்சும் தானே வரும். 2022-இல் நம் அருகிலுள்ள மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு, இங்கு பல பிள்ளைகள் சதுரங்கம் கற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராட்டக்காரர் தேவை.

வார்டில் ஆடுபவர்கள் ஒலியை நிறுத்தி வையுங்கள். மருத்துவர் சுற்றுக்கு வரும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். திரையை நாள்தோறும் துடையுங்கள். மின்னேற்றும் கம்பியை ஆக்சிஜன் குழாயின் அருகே கொண்டுசெல்லாதீர்கள். இரவு உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்

• மனநல ஆலோசனை (டெலி மானஸ், 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில்): 14416
• தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை: 104
• இணையவழிப் பண மோசடி: 1930
• அவசர ஊர்தி: 108

அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, சாப்பிடும் மருந்துகளைச் சொல்வதுபோலவே, என்ன விளையாட்டு ஆடுகிறீர்கள், எந்நேரத்தில் ஆடுகிறீர்கள் என்பதையும் தயங்காமல் கூறுங்கள். கைப்பேசியைச் சட்டைப் பையில் மறைக்க வேண்டியதில்லை. உங்கள் கை, கண், உறக்கம், மனநிலை ஆகியவற்றைப் பற்றி அதிலிருந்து நாங்கள் அறிந்துகொள்ளக் கூடியவை பல உண்டு.